தரைக்குக் கீழே ஏழாவது புள்ளி

இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு கிடையாது. தேதி, மணி, ஊர் எல்லாம் தருகிறேன். ஆட்களின் பெயரையும் தருகிறேன், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான். மில்லின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன்.

பேய் என்றால் நடுராத்திரியில், மல்லிகைப்பூ வாசனையோடு வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு வந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டேகால் மணி. தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. பக்கத்து வீட்டில் ரேடியோ ஓடியது.

அதற்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் பேயைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

என் பெயர் தேவஇரக்கம். சொந்த ஊர் மம்சாபுரம். 1992-ல் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன். என் ஆராய்ச்சி சத்தத்தைப் பற்றியது. "சத்தத்தை அளக்குறதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்று ஊரில் சிரிப்பார்கள். ராஜபாளையத்து மில்களில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்களிடம் பேசிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஓடுகிற கூடத்தில் காது மெல்ல மெல்லச் செத்துப்போகும். அந்தச் சத்தம் மெஷினின் எந்தப் பாகத்தில் இருந்து அதிகம் வருகிறது என்று கண்டுபிடித்தால் குறைக்கலாம். அதுதான் என் வேலை.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மரச்சட்டத்தில் பதினாறு மைக்குகளை வரிசையாகப் பொருத்தி மெஷினுக்கு முன்னால் நிறுத்துவோம். பதினாறும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். பிறகு கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. மெஷின் அங்கே இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது இருந்த இடத்தில் நாற்பது புள்ளிகளைக் கற்பனையாக வைப்போம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி ஸ்பீக்கர். ஒவ்வொன்றும் எவ்வளவு சத்தம் போட்டால் பதினாறு மைக்கிலும் விழுந்த அதே சத்தம் வரும் என்று கணக்குப் போடுவோம். அந்தப் புள்ளிகள் பொய். ஆனால் அவை தருகிற சத்தம் நிஜம். மாயப் புள்ளிகள் என்று நான் சொல்லுவேன். கணக்கு சரியாக வந்துவிட்டால், மைக்கே வைக்காத இடத்தில்கூட என்ன சத்தம் இருந்தது என்று திருப்பி உண்டாக்கிக் கேட்கலாம். மெஷினின் தலைக்கு மேலே. வேலைக்காரரின் காதோரம். எங்கே வேண்டுமானாலும்.

இன்னும் ஒன்று. சிமென்ட் தரை சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அதற்காகத் தரையை ஒரு கண்ணாடி போல நினைத்து, மேலே இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் கீழே, தரைக்கு அடியில், ஒரு நிழல் புள்ளி வைப்போம். மேலே உள்ளது சத்தம் போட்டால் கீழே உள்ளதும் போடும். மேலே சும்மா இருந்தால் கீழேயும் சும்மா இருக்கும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1992 மே 17. ஞாயிற்றுக்கிழமை. மில்லுக்கு லீவு. ஒரே ஒரு மெஷினை மட்டும் ஓடவிட்டு அளக்க மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். அன்று நான் கோயில் ஆராதனைக்குப் போகவில்லை. "ஆண்டவர் நாளக்கூட விடமாட்டியா?" என்று அம்மா கேட்டாள். வந்து ஜெபம் பண்ணிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

உதவிக்கு ஃபிட்டர் பேச்சிமுத்து இருந்தார். நாற்பது வயது. அதிகம் பேசமாட்டார். மெஷினை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் பொறுப்பு.

அந்தக் கூடத்தின் தரைக்கு அடியில் காற்று இழுக்கிற டக்ட் ஓடுகிறது. ஆள் குனிந்து போகிற அளவு பெரியது. பறக்கிற பஞ்சுத் தூசியெல்லாம் அதில் போய்ச் சேரும். இறங்குவதற்கு ஓர் இரும்பு மூடி உண்டு; உள்ளே இருந்து தள்ளித் திறக்க முடியாத கனம். அன்று அது திறந்து கிடந்தது. திறந்த குழி இருந்தால் என் அளவு தப்பும். காற்றாடியை நிறுத்தச் சொன்னேன். மூடியைப் போடச் சொன்னேன். பேச்சிமுத்து ஸ்விட்ச் பக்கம் போனார்.

மணி பதினொன்று ஐந்து. மரச்சட்டத்தின் ஒரு கால் நிற்க வேண்டிய இடத்தில், மூடிக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. நீல வார். இடது செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருந்தது.

"யாரு செருப்பு இது? வழியில கெடக்கு..." என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டையும் எடுத்தேன். நாலடி தள்ளித் தூணோரமாக ஒரு கழிவுப் பஞ்சுத் தொட்டி இருந்தது. இருந்த இடத்தில் இருந்தே எட்டி அதற்குப் பின்னால் போட்டேன். இரண்டையும்.

பதினொன்று இருபதுக்குப் பேச்சிமுத்து வந்தார். மூடியைச் சுற்றிலும் நன்றாகப் பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று நினைத்தேன். பிறகு மூடியை இழுத்துப் போட்டார். மேலே இரண்டு சாக்கையும் விரித்தார்.

மெஷின் ஓடியது. பதினொன்று நாற்பது முதல் நாற்பத்துநாலு வரை பதிவு செய்தேன். மெஷின் பன்னிரண்டரை வரை ஓடியது; நின்றதும் கூடத்தைப் பூட்டினார்கள்.

மேனேஜர் அறையில் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்கைப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன். மூன்று பத்துக்குத் தாள் அச்சாகி வந்தது. எல்லாம் ஒழுங்கு. ஒன்று மட்டும் ஒழுங்கில்லை. மேலே ஏழாவது புள்ளி சும்மா இருந்தது. அதற்குக் கீழே இருந்த நிழல் புள்ளி மட்டும் சத்தம் போட்டது. விட்டு விட்டு. மும்மூன்றாக. தரைக்கு நாலரை அடி கீழே.

ஆள் இல்லாமல் நிழல் மட்டும் எப்படி விழும்?

மைக்கில் கோளாறு என்று முடிவு செய்தேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். சரிவராத புள்ளியை அடித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். படம் அழகாக வந்தது. நாலரை மணிப் பஸ்ஸில் ஊர் திரும்பினேன். சொன்னபடி ஜெபமும் பண்ணினேன்.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்குப் பேச்சிமுத்துதான் மூடியைத் திறந்தார். உள்ளே மாரிச்சாமி மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தார். டக்டில் பஞ்சு அள்ளுகிறவர். சூப்பர்வைசர் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக இறங்கியிருக்கிறார். வீட்டில் அவர் சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போயிருப்பதாக நினைத்திருக்கிறார்கள். உயிர் போனது ராத்திரி இரண்டு மணி வாக்கில் என்று டாக்டர் எழுதினார்.

புதன்கிழமை மீதிச் சாமான்களை எடுக்கப் போனபோது மேனேஜர் சொன்னார். "இங்க ஒரு வழக்கம் இருக்கு சார். டக்ட்ல எறங்குற ஆளு செருப்ப மூடிக்கிட்டக் கழட்டிப் போட்டுட்டுத்தான் எறங்கணும். மெசின் ஓடுனா கூப்புட்டாக் கேக்காது பாருங்க. செருப்பு கெடந்தா எந்தக் கொம்பனும் மூடியத் தொட மாட்டான். இந்தாளு போடாம எறங்கிட்டாரு. விதி. நீங்க எதும் பாத்தீங்களா?"

என் வாய் தானாகச் சொன்னது. "இல்ல சார்."

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். மாரிச்சாமியின் மனைவி வெள்ளைத்தாய். என்னை மறித்தாள்.

"தம்பி, நீங்களும் அன்னைக்கு இருந்தீகளாம்ல. அவுக செருப்பு அங்கன கெடந்துச்சா?"

"நான் கவனிக்கலக்கா."

அவள் அழவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழிவிட்டாள். இன்றைக்கும் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தப் பார்வைதான்.

பயந்துவிட்டேன். ஜெயில், படிப்பு, அம்மா என்று எதையெதையோ நினைத்துப் பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் அந்தத் தாள். மூன்று பத்துக்கு அந்த மனிதர் உயிரோடு இருந்தார். எங்கே இருக்கிறார் என்பது என் கையில் அச்சாகி இருந்தது. நான் அதை அடித்தேன். பேனாவை வைத்து அடித்தேன்.

பட்டம் வாங்கினேன், வேலையிலும் சேர்ந்தேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

1993 அக்டோபரில் எங்கள் ஊர்க் கோயிலில் எதிரொலி அதிகம், பிரசங்கம் புரியவில்லை என்று அளக்கச் சொன்னார்கள். அதே மரச்சட்டம். அதே பதினாறு மைக். கணக்கில் எல்லாம் ஒழுங்கு. மேலே ஏழாவது புள்ளி சும்மா இருந்தது. கீழே உள்ளது மட்டும் சத்தம் போட்டது. மூன்றரை அடி ஆழம்.

கோயிலுக்கு அடியில் டக்ட் கிடையாது. பாறை.

மைக்கை எல்லாம் மாற்றினேன். 1994 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சினிமா தியேட்டரில் அளந்தேன். இரண்டரை அடி. சட்டத்தை உடைத்துப்போட்டுப் புதிதாகச் செய்தேன். 1996 பிப்ரவரியில் ஆலங்குளம் பக்கம் ஒரு கல் அரைக்கும் மெஷினை வெட்டவெளியில் அளந்தேன். ஒன்றரை அடி. கணக்குப் போடும் புரோகிராமையே முதல் வரியில் இருந்து மாற்றி எழுதினேன். மில்லுடையதைத் தவிர மற்றப் பழைய அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். அதே இடம். அதே ஆழம்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் புள்ளி எந்த இடம் என்று தரையில் சாக்பீஸால் குறித்துப் பார்ப்பேன். பதிவு செய்யும்போது நான் நின்ற இடமாகவே இருக்கும். என் இடது காலுக்கு நேர் கீழே.

அது மேலே வந்துகொண்டிருந்தது.

யாரிடம் சொல்வது? மேலதிகாரியிடம் சொன்னால் லீவு எடுக்கச் சொல்வார். பாஸ்டரிடம் சொன்னால் செருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலு வருஷம் மூடிக்கொண்டிருந்த வாய்க்கு அது பழகியிருந்தது.

1997 ஜூன் 12. அப்போது வேலை நிமித்தமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக ஒரு வீடு எடுத்திருந்தேன். சைக்கிள் பஞ்சர். பஜார் பக்கம் ஒரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். பேச்சிமுத்து. தலை முழுக்க நரைத்துவிட்டது.

"மில்லு வேலைய விட்டுட்டேன் சார். மச்சானக் கொன்ன கையினு சொல்லுதாக. எப்பிடி நிக்க?"

"மச்சானா?"

"மாரிச்சாமி எனக்கு மச்சான்லா. வெள்ளைத்தாயி என் கூடப்பெறந்த அக்கா. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது.

"செருப்பு இல்ல சார். சுத்தி நல்லாப் பாத்துட்டுத்தான் மூடுனேன். அக்கா நம்ப மாட்டேங்கா. அவுக செருப்பக் கழட்டாம எறங்குற ஆளே இல்லைங்கா. நான் பாக்காம மூடிட்டுப் பொய் சொல்லுதேனாம். அஞ்சு வருசமாச்சு, எங்கூட ஒரு வார்த்த பேசல." டயரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நீங்களும் நின்னீகளே சார். பாத்தீகளா?"

மூன்றாவது தடவையும் சொன்னேன். "இல்ல அண்ணாச்சி."

பஞ்சர் ஒட்டியதற்கு அவர் காசு வாங்கவில்லை.

ஜூன் 15. ஞாயிற்றுக்கிழமை. அன்றும் ஆராதனைக்குப் போகவில்லை. பீரோவின் அடித்தட்டில் இருந்து 1992-ன் பதிவை எடுத்தேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. இந்தத் தடவை ஏழாவது புள்ளியை அடிக்கக்கூடாது. அது என்ன சொல்கிறதோ சொல்லட்டும். மெஷின் சத்தத்தை முழுக்கக் கழித்துவிட்டு, தரைக்கு நாலரை அடி கீழே ஒரு காது இருந்தால் அந்தக் காதில் என்ன விழுந்திருக்கும்? அதைத் திருப்பி உண்டாக்கிக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

புது கம்ப்யூட்டர் வேகமானது. ஆனால் எர்த் சரியில்லை. தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால் அந்த அறையில் மட்டும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொள்வேன்.

இரண்டேகாலுக்குக் கணக்கு முடிந்தது. ஹெட்போனை மாட்டினேன்.

முதலில் இரைச்சல். பிறகு...

டப். டப். டப்.

நிறுத்தம்.

டப். டப். டப்.

சத்தம் என் தொழில். கை முட்டியால் இரும்பைத் தட்டினால் இப்படிக் கேட்காது. இரும்பால் தட்டினால் கணீர் என்று இருக்கும். இது மொத்தையான சத்தம். மெத்தென்று. எதனால் தட்டுகிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

நாலு நிமிடமும் கேட்டேன். அழுதுகொண்டேதான் கேட்டேன். அந்த நேரம் நான் எங்கே இருந்தேன்? அவருக்கு மேலே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு நிமிடம் முடிந்தது. பதிவு அவ்வளவுதான்.

சத்தம் நிற்கவில்லை.

திரையைப் பார்த்தேன். கோடு முடிந்துபோயிருந்தது. ஹெட்போனில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது... யாரோ நடக்கிற சத்தம். தலைக்கு மேலே நடக்கிற சத்தம். சிமென்ட் தரையில் ஷூ.

பிறகு ஒரு குரல். மேலே இருந்து. கிணற்றுக்குள் விழுகிற மாதிரி.

"யாரு செருப்பு இது? வழியில கெடக்கு..."

என் குரல்.

பதினொன்று ஐந்துக்கு நான் பேசியது. பதிவு தொடங்கியது பதினொன்று நாற்பதுக்கு. அந்த வார்த்தைகள் எந்த டேப்பிலும் கிடையாது. அதைக் கேட்ட காது ஒன்றே ஒன்றுதான்.

அவர் கேட்டிருக்கிறார். செருப்பை எடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

அறை அமைதி. தெருவில் ஐஸ் வண்டி. பக்கத்து வீட்டு ரேடியோ. மணி இரண்டு இருபத்திரண்டு.

டப்.

ஹெட்போன் கீழே கிடந்தது.

டப். டப்.

மேஜைக்கு அடியில். இல்லை... தரைக்கு அடியில்.

என் இடது பாதத்தில் அதிர்ந்தது.

டப். டப். டப்.

காலை எடுத்தேன். ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

சத்தமும் நகர்ந்தது.

ஓட நினைத்தேன். முடியவில்லை.

டப். டப். டப்.

எனக்கு என்ன தோன்றியதோ... குனிந்தேன். என் செருப்பைக் கழற்றினேன். இரண்டையும். அதே இடத்தில், ஜோடியாக, வைத்தேன். வெறுங்காலோடு பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்தேன்.

"கெடக்கு" என்றேன். "செருப்பு இங்கதான் கெடக்கு. யாரும் மூட மாட்டாங்க."

நின்றது.

மணி இரண்டு முப்பத்தொன்று.

சாயங்காலம் வரை சுவரோரமே உட்கார்ந்திருந்தேன். இருட்டியபோது பயம் கொஞ்சம் போய்விட்டது. அதன் இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு செத்த மனிதர், ஐந்து வருஷமாக, அடி அடியாக மேலே ஏறி வந்திருக்கிறார். நான் இரண்டு பஸ் ஏறிப் போகவில்லை.

மறுநாள் காலையில் பேச்சிமுத்துவைக் கடையில் இருந்து கிளப்பினேன். வெள்ளைத்தாய் பிழைப்புக்காக மகாராஜபுரம் போய்விட்டதாகவும், காட்டு வேலை செய்வதாகவும் அவர்தான் சொல்லியிருந்தார்.

"அக்கா என் மூஞ்சில முழிக்க மாட்டா சார். நீங்க மட்டும் போங்க."

"நீங்க இல்லாம சொல்ல முடியாது அண்ணாச்சி. ரெண்டு பேரும் இருக்கணும்."

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் கம்பியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளைத்தாய் வாசலில் புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் இறுகியது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"என்ன தம்பி, இம்புட்டுத் தூரம்?"

நின்றபடியே சொன்னேன். எதையும் பூசி மெழுகவில்லை. செருப்பு கிடந்தது. நான்தான் எடுத்தேன். வழக்கம் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தபோது அங்கே செருப்பு இல்லை. அந்தத் தாளைப் பற்றியும் சொன்னேன். மூன்று பத்துக்கு அவர் உயிரோடு இருந்ததையும் சொன்னேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

அவள் உள்ளே போனாள். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என்னைத் தாண்டிப் போய்த் தம்பியிடம் நீட்டினாள்.

"குடிலே."

பேச்சிமுத்து செம்பை வாங்கினார். குடிக்க முடியவில்லை. தோள் குலுங்கியது. அக்கா அவர் தலையில் கைவைத்து அப்படியே நின்றாள். அவர்கள் அழுது முடிக்கிற வரை நான் வெயிலில் நின்றேன். யாரும் என்னை நிழலுக்கு வரச் சொல்லவில்லை. அது சரிதான்.

கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"ரெண்டு செருப்பையுமா எடுத்தீக?"

"ஆமாக்கா. ரெண்டையும்."

"எங்கன போட்டீக?"

"கழிவுப் பஞ்சுத் தொட்டிக்குப் பின்னால. தூணோரமா."

அவள் தம்பியைப் பார்த்தாள். "அப்ப... கையில இருந்தது?"

"எந்தக் கையில?" என்றேன்.

பேச்சிமுத்துதான் மெதுவாகப் பேசினார். என்னிடம் இல்லை, அக்காவிடம்.

"நான் திணிக்கலக்கா. ஒன் புள்ளைங்க மேல சத்தியமா. மூடியத் தொறக்கையிலயே புடிச்சிருந்தாரு. எடது செருப்பு. கம்பி ஏணிக்கிட்ட, தட்டுறவரு மாதிரி கையத் தூக்கி... ஆஸ்பத்திரில வெரல விரிக்க முடியாம வார அறுத்துல்லா எடுத்தாக. நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேன்" என்றாள். "ஊக்குக் குத்துன செருப்பு. அந்த ஊக்கு நான் குத்துனது. நீதான் தப்பிக்கிறதுக்காகப் பொறவு வச்சிட்டேன்னு நெனச்சேன்ல."

நான் கேட்டேன்: "இன்னொரு செருப்பு?"

பேச்சிமுத்து என்னைப் பார்த்தார்.

"பொங்கலுக்கு மில்லச் சுத்தம் பண்ணும்போது தொட்டிய நகத்துனோம் சார். தூணோரத்துல கெடந்துச்சு. வலது செருப்பு. ஒத்தச் செருப்பு. எப்பிடி அங்க வந்துச்சுனு இம்புட்டு நாளா எனக்குப் பிடிபடல. யார்ட்டயும் சொல்லல."

மொத்தையான, மெத்தென்ற சத்தம். ரப்பரால் இரும்பைத் தட்டினால் அப்படித்தான் கேட்கும். பதினொன்று நாற்பதிலேயே அது என் பதிவில் இருக்கிறது.

இதை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பதினொன்று ஐந்துக்கு இரண்டு செருப்பையும் எட்டித் தொட்டிக்குப் பின்னால் போட்டது நான். பதினொன்று இருபதுக்கு மூடி விழும்வரை அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை. என் இடது கால் குழியின் விளிம்பில்தான் இருந்தது. குழியில் இருந்து யாரும் வெளியே வரவில்லை.